நாற்காலியோடு வந்த பெயிண்டுக்கடை பாய்

திருப்போரூர் கடைத்தெருவில் பெயிண்டு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு ஒரு சங்கம் வைத்திருந்தால், எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் ஆயுள் சந்தா கட்டியிருப்பார்கள். கையில் காசு இல்லாமல் திரும்பியவர்கள் இல்லை. காசை எடுத்து மேஜை மேல் வைத்த பிறகும் கடைக்காரர் சரக்கைக் கொடுக்காமல் துரத்திவிட்ட கூட்டம். நானும் அதில் ஒருத்தி.

அவருக்குப் பெயர் உண்டு, ஆதார் அட்டையில் இருக்கும். ஆனால் நெம்மேலியிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எல்லாருக்கும் அவர் பெயிண்டுக்கடை பாய்தான். நானும் பாய் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். அப்போது ஐம்பத்தைந்து வயசிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, மேலே முழுக்கைச் சட்டை, பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. முப்பது வருஷமாகப் பெயிண்டு விற்கிற மனுஷன் சட்டையில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. அதைப் பற்றிக் கேட்டால், "பூசறவன் வேற, பாக்கறவன் வேற. கறி வெட்றவன் கையில ரத்தம் இருக்கும், டாக்டர் கையில இருக்குமா?" என்பார். டாக்டர் கையிலும் இருக்குமே பாய் என்று யாராவது மடக்கினால், "அது கெட்ட டாக்டரு" என்று முடித்துவிடுவார்.

அவர் கடைக்குள் நுழைந்து ஒரு பக்கெட்டு வெள்ளை கொடு என்று கேட்டுவிட முடியாது.

"எந்த ரூமுக்கு?" என்பார்.

"ஹாலுக்கு."

"ஜன்னல் எந்தப் பக்கம் கீது?"

"ஜன்னலுக்கா பாய் பெயிண்டு? செவுத்துக்கு."

"செவுரு தானா தெரிஞ்சுடுமா? ஜன்னல் காட்டினாத்தான் தெரியும். எதிர்ல இன்னா கீது? மரமா, ரோடா, மாமியார் வூடா?"

"இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேள்வி கேக்குற?"

"பொண்ண ஒருத்தன் பாத்தா போதும். செவுத்த வூடே பாத்துகினு இருக்கணும். நாளைக்கு வர்றேன், நீ போ."

மறுநாள் சொன்னபடி வருவார். மொபெட்டின் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி அவருக்கு அது. பெயிண்டு அடிக்கப் போகிற அறையின் நட்டநடுவில் அதை விரித்து உட்காருவார். காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள், புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவார்கள், சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள். அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோயிலில் நந்தியைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி வீட்டுக்காரர்கள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்த மனுஷனிடம் நான் போய் மாட்டியது, எனக்குக் கண் போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருந்த வருஷம்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து வந்த வித்தை. நெம்மேலியில் மாமனார் விட்டுப்போன மனையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். அண்ணன் என் வீட்டுக்காரர், டேங்கர் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் சந்து. அந்தச் சந்தைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில்தான் மெஷினைப் போட்டிருந்தேன். ஜன்னலுக்கு நேர் எதிரே கொழுந்தனார் வீட்டுப் பக்கச் சுவர்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் துணிக்கு நூல் பொறுக்குவதை மட்டும் வாசலில் உட்கார்ந்து செய்வேன், வேலை கூடிய பிறகு அதையும் மெஷின் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டேன். திடீரென்று தப்பு வர ஆரம்பித்தது. ஒரு டீச்சரம்மா சாம்பல் நிறத் துணி கொடுத்தார்கள். சாம்பல் நூலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தம்மா வாசலில் போய் வெயிலில் விரித்தார்கள். தையல் முழுக்க ரோஸ் கலர் நூல். "இன்னாம்மா இது, சாம்பல் துணியில செவப்பு எறும்பு ஊர்ற மாதிரி கீது?" என்றார்கள். நானும் வெளியில் வந்து பார்த்தேன். ரோஸ்தான். உள்ளே எடுத்துப் போனால் சாம்பல். அடுத்து ஒரு அரக்கு ஜாக்கெட், அதற்கு லைனிங் காப்பிக் கொட்டை நிறத்தில் போய்விட்டது. ஒரு மாசத்தில் நாலு உருப்படி திரும்பி வந்தது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். நல்லா இருந்தால் ஏன் ரோஸ் சாம்பலாகத் தெரிகிறது? டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்று பயம் இன்னும் கூடியது. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு நிறம் தெரியவில்லை என்றால், டேங்கர் ஓட்டுகிறவருக்கு பிரேக் தெரியாத மாதிரிதானே? அந்தச் சமயம் பார்த்து மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஒன்பது பட்டு ஜாக்கெட் வந்து விழுந்தது. பத்து நாள் கெடு. அது சொதப்பினால் கடற்கரை ஓரத்தில் ஒருத்தியும் என்னிடம் துணி கொடுக்க மாட்டாள். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மூன்று நாள் அந்த மூட்டையைத் தொடவே இல்லை.

வீட்டுக்காரரிடம் பாதி உண்மையைச் சொன்னேன், ரூம் இருட்டாக இருக்கிறது என்று. "இருட்டா இருந்தா ஒயிட்டு அடி. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சுகினு கீற" என்றார். அப்படித்தான் திருப்போரூர் போனதும், வெறுங்கையோடு திரும்பியதும்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். நாற்காலியை என் மெஷினுக்குப் பக்கத்தில் விரித்தார். உட்கார்ந்து முதலில் என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா கலரு நெனச்சுகினு கீற?"

"ஒயிட்டு. இல்லன்னா லேசா ரோஸ், மங்களகரமா இருக்கும்."

"ரோஸா? தையக்காரி ரூமுல செவுரு வாயத் தொறக்கக் கூடாது தங்கச்சி. துணி பேசணும். நீ ரோஸ் அடிச்சா வர்ற துணியெல்லாம் கொஞ்சம் வெக்கப்பட்டுகினு நிக்கும்."

நான் வேலையைப் பார்க்கிற மாதிரி பாவலா பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். வாய் ஓயாது, ஆனால் கண் சுவரை விட்டு நகராது. அவருக்கு ஒவ்வொரு திசை வெளிச்சமும் ஒரு ஆள்.

"கெயக்கு வெளிச்சம் புது மருமவ மாதிரி. காலைல குளிச்சு முயுகி பளபளன்னு வந்து நிப்பா. பத்து மணிக்கு மேல தேடினாலும் கெடைக்க மாட்டா. மேக்கு வெளிச்சம் குடிகாரன். மத்தியானம் வரைக்கும் இருக்கற எடமே தெரியாது. நாலு மணிக்கு மேல உள்ள வந்தான்னு வையி, வூட்டையே ரெண்டு பண்ணுவான். அவன் வர்ற ரூமுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ அடிச்சா, குடிகாரனுக்கு ஊத்திக் குடுத்த மாதிரி."

"இது வடக்குப் பாத்த ஜன்னல் பாய்."

"தெரியுது. வடக்கு வெளிச்சம் கெவுருமெண்டு ஆபீசரு. சிரிக்க மாட்டான், மொறைக்க மாட்டான், காலைலயிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மூஞ்சி. ஹாலுல போட்டா அயுதுடுவோம். ஆனா தையக்காரிக்கு அவன்தான் வேணும். உள்ளது உள்ளபடி சொல்லுவான்."

படூர் கதையைச் சொன்னதும் அப்போதுதான். அடுக்குமாடியில் ஒரு ஐடி தம்பதி. போனில் படம் பார்த்து, படுக்கையறைக்குக் கத்தரிக்காய் ஊதா வேண்டும் என்று பிடிவாதம். பாய் நாற்காலியோடு போய் உள்ளே உட்கார்ந்துவிட்டார். ஏசி போட்டிருக்கிறது, காலையில் நாஸ்தா வேறு கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவன் எழுப்பி அனுப்பியிருப்பான் என்று அவளும், அவள் அனுப்பியிருப்பாள் என்று அவனும், இரண்டு பேரும் ஆபீசுக்குக் கிளம்பி வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எந்திரிச்சுப் பாத்தா ஒருத்தரையும் காணோம். பால்கனியில நின்னு கத்துனா வாட்ச்மேன் கீயேயிருந்து, யார்றா நீ, எந்த வூட்ல பூந்தேன்னு கேக்கறான். நான் பெயிண்டு பாயின்றேன். பெயிண்டு எங்கடான்றான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போலீசு வர்ற வரைக்கும் சும்மா இருக்கணுமேன்னு உக்காந்து வெளிச்சம் பாத்தேன். நாலு மணிக்கு மேக்கால இருந்து வந்தான் பாரு குடிகாரன்! எதிர் பிளாட்டு கண்ணாடியில பட்டு, ரூமு பூரா நெருப்பு. அதுல போயி ஊதா அடிச்சா ரெண்டும் கலந்து, புருஷன் பொண்டாட்டி ஒருத்தரையொருத்தர் பாத்தா அடிபட்டு வீங்கின மூஞ்சி மாதிரி தெரியும். பூட்டிட்டுப் போனது நல்லதாப் போச்சு. இல்லன்னா மூணு மணிக்குக் கெளம்பியிருப்பேன்."

எனக்கு அன்றைக்கு ஒரு மாசத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது தெரிந்ததும் அவர் விடவில்லை. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜுக்காரர் அறைக்கெல்லாம் கடல் நீலம் கேட்டாராம். "கடலே ஜன்னல் வயியா வந்து கட்டில்ல குந்திகினு கீது, இன்னும் இன்னாத்துக்கு நீலம்னேன். கேக்கல. வேற கடையில வாங்கி அடிச்சான். அந்த ரூமுல போட்டோ எடுத்தவன் ஒவ்வொருத்தனும் கடல்ல வுயுந்து மூணு நாள் கயிச்சு கரை ஒதுங்கினவன் மாதிரி கீறான். ஆறு மாசம் கயிச்சு வந்து நிக்கறான், பாய் இன்னா பண்ணலாம்னு. சவத்துக்குப் பூசற மாதிரி கொஞ்சம் சந்தனம் பூசுன்னேன்."

அச்சரப்பாக்கத்தில் ஒரு நெல் வியாபாரி வீட்டு நடுக்கூடத்துக்கு ஜன்னலே கிடையாதாம். பளிச்சென்று ஒரு நிறம் சொல்லு என்று பாயை வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். பாய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "இதுக்குப் பெயிண்டு தேவையில்ல. மேல நாலு ஓட்ட எடுத்துட்டு கண்ணாடி ஓடு போடு" என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பா கூட விற்காமல் வந்தார். பெயிண்டுக் கடைக்காரர் கண்ணாடி ஓட்டுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்த அதிசயத்தை அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

"உன் வூட்ல இன்னா பாய் கலரு?" என்று கேட்டேன்.

மனுஷன் அந்த ஒரு கேள்விக்குத்தான் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ரோஸ்மில்க்கு கலரு."

"எந்தப் பக்க ஜன்னல்?"

"மேக்கு."

"குடிகாரனாச்சே!"

"நாலு மணிக்கு மேல வூட்டுக்குள்ள போனா ஜெலுசில் பாட்டில்ல வுயுந்த மாதிரி கீது. அவளுக்கு அதான் புடிச்சுக்கீது. இருபது வருஷமா சொல்லிப் பாத்தேன். ஊருக்கெல்லாம் பாத்துட்டு வா, இங்க கண்ண மூடிகினு சாப்புடுன்ட்டா." கொஞ்சம் யோசித்து, "அவ அந்த ரூமுல இருக்கசொல்ல நல்லாத்தான் கீது" என்றார். பிறகு அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தார்.

அந்தக் கர்ச்சீப்புதான் அவருடைய இரண்டாவது ஆயுதம். சட்டையை விட வெள்ளை. அதைச் சுவரில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். வெள்ளைத் துணி அந்த அறையில் என்ன நிறமாக மாறுகிறதோ அதுதான் வெளிச்சத்தின் குணம் என்பது கணக்கு. என் அறைச் சுவரில் வைத்தார். பார்த்தார். இன்னொரு சுவரில் வைத்தார். எழுந்து என் மெஷின் மேல் போட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"தங்கச்சி, இந்தக் கர்ச்சீப்பு இன்னா கலரு?"

எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணைப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். "வெள்ளை பாய்" என்றேன்.

"நல்லாப் பாரு."

"வெள்ளைதான் பாய். எனக்குக் கண்ணு சரியில்ல பாய். ரோஸு சாம்பலாத் தெரியுது, அரக்கு காப்பிக் கொட்டையாத் தெரியுது. டாக்டரு ஒண்ணுமில்லன்றாரு. வூட்ல யாருக்கும் சொல்லல. அந்த மூட்டையில ஒம்பது ஜாக்கெட் கீது, தொடவே பயமா கீது." கண் ஆஸ்பத்திரியில் வராத அழுகை பெயிண்டுக் கடைக்காரர் முன்னால் வந்தது.

அவர் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "வா" என்றார். வெயிலில் பிடித்துக் காட்டினார். பளீரென்று வெள்ளை. திரும்பவும் உள்ளே கூட்டி வந்து மெஷின் மேல் போட்டார். இந்த முறை எனக்கும் தெரிந்தது. வெள்ளைக் கர்ச்சீப்பு தவளைக் குஞ்சு மாதிரி வெளிறின பச்சையில் கிடந்தது. ரெண்டு வருஷமாக அதிலேயே உட்கார்ந்து பழகியதில் பச்சையே எனக்கு வெள்ளையாகிவிட்டிருந்தது.

அவர் கர்ச்சீப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி மெல்ல ஜன்னல் பக்கம் போனார். போகப் போகப் பச்சை ஏறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தார். ஆறடிக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி வீட்டுச் சுவர். கிளிப் பச்சை. தெற்கு வெயில் நாள் பூராவும் அதன் மேல் அடித்து, அங்கிருந்து நேராக என் மெஷின் மேல் வந்து விழுகிறது.

"கண்ணும் நல்லா கீது, ஆபீசரும் நல்லவன்தான். எதிர் வூட்டு செவுரு லஞ்சம் குடுத்து அவனக் கெடுத்து வச்சுக்கீது. பச்சை வெளிச்சத்துல ரோஸு செத்துப்பூடும், செவப்பு மண்ணாப் பூடும். உன் ரூமு கலரு உன் ரூமுல இல்ல தங்கச்சி, அங்க கீது."

எனக்குக் கண் போகவில்லை! ஜன்னலைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கிளிப்பச்சையை எவன் பாய் வித்தான் அவளுக்கு?"

பாய் கர்ச்சீப்பை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

"நான்தான்" என்றார்.

இரண்டு வருஷம் முன்னால் அவள் வீட்டுக்கும் நாற்காலியோடு போயிருக்கிறார். தெருவில் போட்டு உட்கார்ந்து முன்பக்கம் பார்த்திருக்கிறார், வேப்பமர நிழலுக்குக் கிளிப்பச்சை எடுக்கும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருந்ததைப் பக்கச் சுவருக்கும் அடித்துக்கொள்ளவா என்று அவள் கேட்டதற்கு, அடிச்சுக்கோ என்று தலையாட்டியிருக்கிறார். "பக்கவாட்டுல நான் உக்காரல. ஒரு வூட்டுக்கு ஒரு பக்கம் உக்காந்துட்டு வந்துட்டேன்" என்றார். ஒரு திருடன் பிடிபட்ட மாதிரி முகம். நாற்காலியை மடக்கினார். "போயி சொல்றேன் அந்தப் பொண்ணுகிட்ட."

"வாணாம் பாய். நாங்க பேசறதில்ல."

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் ஓரகத்தி தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஜாக்கெட்டைத் திருப்போரூரில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்தாள். ஆறடியில் நான் இருக்கிறேன், ஆறு கிலோமீட்டர் போய்த் தைத்துக்கொண்டு வந்தாள். பந்தியில் நாலு பேர் முன்னால், "இன்னா, எடது கை எறங்கிக் கீது?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். அன்றைக்கு நின்ற பேச்சு. புருஷன்மார்கள் இரண்டு பேரும் டீக்கடையில் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்பார்கள், தெரு முனை வந்ததும் பகையாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பிரிந்து போவார்கள்.

"நூலு பாக்கறதுன்னா முன்ன மாதிரி வாசலுக்கு ஓடிப் பாத்துக்கறேன் பாய்."

"ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தினி தடவ ஓடுவ? ஓடிகினே தைப்பியா? தப்பு என்னுது" என்று கிளம்பிவிட்டார்.

ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் சமையல்கட்டு ஜன்னல் அதே பச்சைச் சுவரில்தான் இருக்கிறது, பேசுவதெல்லாம் காதில் விழும்.

"அவளுக்கு வேணும்னா அவ வந்து கேக்கட்டும் பாய்" என்றாள்.

பாய் சந்துக்கு வந்தார். நாற்காலியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் போட்டார். என் ஜன்னலைப் பார்த்து, "அவ வந்து கேக்கணுமாம்" என்றார்.

"எதுக்குக் கேக்கணும்? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் திரும்பினார். "கேக்க மாட்டாளாம்."

"அப்ப பச்சையே இருக்கட்டும்."

"இருக்கட்டுமாம்" என்று என் பக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. வெயிலில் ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் ஒரு டீ கொடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவள் டீயோடு இரண்டு வடை வைத்து அனுப்பினாள். நான் சும்மா விடுவேனா, முட்டை தோசை போட்டேன். அவள் மீன் வறுத்தாள். "நல்ல எடமா கீதே" என்று பாய் லுங்கியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். அவள் காலித் தட்டை எடுக்கச் சந்துக்கு வந்தாள். பாய் குரலைத் தணித்துப் பேசினார். அவர் தணிந்த குரல் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"அந்தப் பொண்ணு தனக்குக் கண்ணு அவிஞ்சு பூட்டுதுன்னு ஒரு மாசமா யாருக்கும் சொல்லாம அயுதுகினு கீறா. புருஷனுக்குக் கூட சொல்லல. நான் ஒரு பக்கம் உக்காந்துட்டு வந்த தப்புக்கு. பெயிண்டு நான் குடுக்கறேன். நீ உம்னு ஒரு வார்த்த சொல்லு."

கண்ணு இன்னா ஆச்சு, டாக்டர் இன்னா சொன்னாரு என்று கேட்டாள் போலிருக்கிறது. அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு சத்தமாக, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்.

"அவ ஜன்னல் அளவுக்கு மட்டும் அடிச்சுக்கோங்க. ஒரு அங்குலம் கூட வாணாம்."

அவளுக்குக் கொடுத்த வாக்கைப் பாய் அப்படியே காப்பாற்றினார். என்னை மெஷினில் உட்காரவைத்து, எதுவரைக்கும் கண்ணில் படுகிறது என்று கேட்டுக் கேட்டு, ஒரு பெயிண்டரை விட்டு எதிர்ச் சுவரில் சாக்பீஸ் கோடு போடச் சொன்னார். கோட்டுக்குள் மட்டும் கஞ்சி வெள்ளை. வடித்த கஞ்சியின் நிறம். பளபளப்பு கிடையாது, அந்தப் பேரும் பாய் வைத்ததுதான். என் அறைக்குள்ளும் அதையே அடித்தார். பச்சைச் சுவரில் எட்டடிக்கு ஏழடி வெள்ளைக் கட்டம். பார்த்தவர்கள் எல்லாரும், சந்துக்குள் சினிமா போடப் போறீங்களா என்று கேட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆமாம், படம்தான், ரெண்டு பொம்பளைங்க நடிச்சது என்று சொல்வேன்.

பாய் இப்போது திருப்போரூரில் இல்லை. மூட்டு ஆபரேஷன் ஆன பிறகு மகள் வந்து ஆம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாற்காலியையும் எடுத்துப்போனார் என்று கேள்வி. ஆம்பூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போலீசைக் கூப்பிட வேண்டாம். ஒரு டீ கொடுங்கள், எதிர் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

அப்போது, அந்தப் பெயிண்டு காய்ந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பாய் வந்தார். கர்ச்சீப்பை மெஷின் மேல் போட்டார். வெள்ளை. என் பக்கம் தலையை ஆட்டினார். கல்யாண வீட்டு மூட்டையை அவிழ்த்து, நூல் டப்பாவைக் கவிழ்த்தேன். சாம்பல் சாம்பலாக இருந்தது, ரோஸ் ரோஸாக இருந்தது. அரக்கையும் காப்பிக் கொட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி தனித்தனியாக நின்றன.

"இன்னா, தெரியுதா?"

பாய் கேட்கவில்லை. எதிர்ச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து வந்த குரல். ரெண்டு வருஷம் கழித்து வந்த குரல்.

"தெரியுது" என்றேன்.

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மாம்பழப் பட்டுப் புடவையும் ஜாக்கெட்டும். கிரகப்பிரவேசத்துக்குக் கட்டியது. இரண்டையும் கம்பிக்கு வெளியே வெளிச்சத்தில் நீட்டினாள்.

"அப்ப சொல்லு. இது மேட்சா இல்லையா?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"மேட்சுதான். நூலு, லைனிங்கு எல்லாம் சரியாத்தான் போட்டுக்கீறான்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "ஆனா எடது கை எறங்கித்தான் கீது."

"எங்க எறங்கிக் கீது? எந்த ஊர்ல எறங்கிக் கீது? கண்ணு இப்பத்தான் தெரியுதுன்னா, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா பாருங்க பாய்!"

"அரை அங்குலம் எறங்கிக் கீது, இங்க இருந்தே தெரியுது!"

"ஒரு நிமிசம் ரெண்டு பேரும் கத்தாதீங்க, வெளிச்சம் கலையுது" என்றார் பாய்.

அவள் ஜாக்கெட்டைத் தன் பக்கம் திருப்பினாள். இடது கையையும் வலது கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டி, ஆறடிச் சந்துக்கு மேலாக வீசினாள். கம்பி வழியாக வந்து, சரியாக என் மெஷின் மேல் விழுந்தது.

"பிரிச்சுத் தை" என்றாள்.